எரியாத சீரியல் செட்டுல கரண்ட் இருக்குமா?

போன வருஷம் நம்ம காலேஜ் பொங்கல் விழாவுக்கு வந்தவங்களுக்கு, ஓப்பன் ஸ்டேஜ் பக்கத்துல இருக்கிற புங்க மரம் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். அடிமரத்துல இருந்து கிளை வரைக்கும் சீரியல் லைட் சுத்தியிருந்தோம். அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்காத டிபார்ட்மெண்ட்டே கிடையாது. அந்த டெக்கரேஷன் டீம்ல நானும் ஒருத்தன், என் ரூம்மேட்டும் ஒருத்தன்.

அந்தப் போட்டோக்கள்ல வராத ஒரு விஷயம், விழா அன்னைக்கு விடிகாலை நடந்தது.

ராத்திரி பூரா எரிஞ்ச லைட்டுல ஒரு செட் மட்டும் காலைல அணைஞ்சு கிடந்தது. மணி அஞ்சரை. மழை எல்லாம் இல்ல, மார்கழிப் பனிதான். ஆனா மரத்தோட பட்டை, இலை, வயர் எல்லாமே நனைஞ்சு சொட்டிட்டு இருந்தது. என் ரூம்மேட் இடது கையை அடிமரத்துல ஊன்றி நின்னுக்கிட்டு, வலது கையால எரியாத அந்த செட்டுல ஒரு பல்பைப் பிடுங்கினான். ஒரே ஒரு 'ஆ'. கையை உதறிட்டுப் பின்னால விழுந்தான். கொஞ்ச நேரம் முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அதுதான் எரியவே இல்லையேடா, அப்புறம் எப்படிடா கரண்ட் வந்துச்சு?"

நான் இ.இ.இ. படிக்கிறவன். அவன் மெக்கானிக்கல். பதில் சொல்ல வேண்டியது நான்தான். அந்த நிமிஷம் எனக்குப் பதில் வரல. சுவிட்ச் போர்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தா எம்.சி.பி. விழாம அப்படியே நிமிர்ந்து நிக்குது. அதையும் என்னால விளக்க முடியல.

இந்த வருஷம் மரத்துக்கு லைட் கட்டுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தேடினோம். முதல் வருஷத்துல படிச்ச சர்க்யூட் தியரியே போதுமானதா இருந்தது. நாளைக்கு உங்க ஹாஸ்டல்லயோ, வீட்டு வாசல் வேப்ப மரத்துலயோ, ஊர்த் திருவிழாவுலயோ நீங்களும் லைட் கட்டப் போறவங்கதான். அதனால நாங்க புரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதறேன்.

'சீரியல்' என்ற பேரிலேயே விஷயம் இருக்கு

மரத்தில் மின்விளக்கு கட்டும் வழக்கத்துக்கு வயது 140-க்கு மேல். 1882 டிசம்பரில் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகளைக் கையாலேயே வயரிங் செய்து எரிய விட்டார். அது வீட்டுக்குள் இருந்த மரம். 1923-ல் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் சுவிட்சைப் போட்டு எரியவிட்ட மரம் திறந்தவெளியில் நின்றது. நம்ம ஊருக்கு இந்தப் பழக்கம் கோயில் திருவிழா, கல்யாண வீடு, மைக் செட் அண்ணன் வழியாக வந்து சேர்ந்தது. மூங்கில் சட்டத்தில் சாமி உருவம் ஓடி ஓடி எரியும் அந்தப் பெரிய போர்டைப் பார்த்து வாயைப் பிளக்காமல் யார் வளர்ந்தோம்?

நாம் 'சீரியல் செட்' என்று சொல்வது சீரீஸ் என்பதிலிருந்து வந்த பேர். தொடர் இணைப்பு. ஒரு பல்பிலிருந்து வெளியே வரும் மின்சாரம் அடுத்த பல்புக்குள் போய்த்தான் ஆக வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரே மாதிரியான 40 பல்பை வரிசையாகக் கோத்தால் ஆளுக்கு 230 ÷ 40 = 5.75 வோல்ட். அதனால்தான் பழைய செட்களில் 6 வோல்ட் குட்டி பல்பு போட்டிருப்பார்கள். டிரான்ஸ்பார்மர் வேண்டாம், மெல்லிய வயர் போதும், விலையும் மலிவு.

மலிவாகக் கிடைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. 'ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட்தானே' என்று மனசு ஏமாந்துவிடும். 6 வோல்ட் என்பது ஒரு பல்பின் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். அந்த பல்புக்கும் நீங்கள் நிற்கும் தரைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்பது வேறு கணக்கு. பேஸ் பக்கத்து முதல் பல்பு தரையைவிட ஏறக்குறைய 230 வோல்ட் உயரத்தில் இருக்கும். நடுவில் இருப்பது 115. நியூட்ரல் பக்கத்துக் கடைசி பல்பு கிட்டத்தட்ட 0. மாடிப்படி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியும் அரை அடிதான். அதற்காக மொட்டை மாடியிலிருந்து குதிக்க முடியுமா?

முதல் கேள்வி: எரியாத செட்டில் கரண்ட் எப்படி?

இப்போது அந்த வரிசையில் ஒரே ஒரு பல்பு ஃபியூஸ் போகிறது என்று வையுங்கள். பாதை அறுந்துவிட்டது. மின்னோட்டம் பூஜ்யம். எல்லா பல்பும் அணைந்துவிடும். 'கரண்ட் இல்லை' என்று நாம் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். மின்னோட்டம் பூஜ்யம் என்றால் நல்ல பல்பு எதிலும் வோல்டேஜ் இறங்காது. அதாவது படிகள் எல்லாம் மறைந்துவிடும். பேஸ் முனையிலிருந்து அறுந்த இடம் வரைக்கும் உள்ள வயர் முழுவதும், தரையோடு ஒப்பிட்டால் முழு 230 வோல்ட். அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் பூஜ்யம். அறுந்த அந்த ஒரே ஹோல்டருக்குள், இரண்டு செம்புத் தகடுகளுக்கு இடையில், மொத்த 230 வோல்ட்டும் நிற்கும்.

அதாவது எரியும்போது 115 வோல்ட்டில் இருந்த நடு பல்பு, அணைந்த பிறகு 230-க்கு ஏறியிருக்கலாம். எரியாத செட், எரியும் செட்டைவிட ஆபத்தானது. எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான்.

எந்தப் பாதி 230, எந்தப் பாதி பூஜ்யம்? பார்த்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான சீரியல் செட்டுக்கு இரண்டு பின் பிளக்தான். அதைத் திருப்பிச் செருகினால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அதே காரணத்தால், செட்டோடு வரும் குட்டி சுவிட்சையோ மினுக்கும் கன்ட்ரோலரையோ அணைத்தாலும் நம்ப முடியாது. அது நியூட்ரல் வயரில் உட்கார்ந்திருந்தால், லைட் அணையும். ஆனால் மரம் முழுக்க சுற்றியிருக்கும் வயரில் பேஸ் அப்படியே இருக்கும்.

அன்றைக்கு நடந்ததை இப்போது ஓட்டிப் பார்க்கலாம். என் ரூம்மேட் பிடுங்கிய ஹோல்டர் பேஸ் பக்கத்துப் பாதியில் இருந்திருக்கிறது. வலது கை விரல் தகட்டில் பட்டது. இடது கை ஈர மரத்தில். மின்சாரம் வலது கை, நெஞ்சு, இடது கை, நனைந்த பட்டை, தரை என்று வழி கண்டுபிடித்துவிட்டது. சர்க்யூட் தியரி மொழியில் சொன்னால், அந்த நொடி அவனும் அந்த சீரியலில் ஒரு பல்பு. கையிலிருந்து கைக்குப் போகும் பாதை இதயத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அவனைக் காப்பாற்றியது மரப் பட்டையின் ரெசிஸ்டன்ஸும், காலில் கிடந்த ரப்பர் செருப்பும்தான். இன்னும் பத்து நிமிஷம் கழித்து என்றால், பொங்கல் பானை வைக்கும் இடத்துக்குப் போக அந்தச் செருப்பையும் கழற்றி வைத்திருப்பான்.

எல்.இ.டி. செட்டுக்கும் இதே கதைதான். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட். அதனால் நேரடியாக 230-ல் செருகும் செட்டில் பல டஜன் எல்.இ.டி.க்களை ஒரே வரிசையில் கோத்திருப்பார்கள். அப்படிப் பல வரிசைகளைப் பக்கம் பக்கமாக இணைத்திருப்பதால்தான், முழு செட்டும் போகாமல் ஒரு துண்டு மட்டும் இருட்டாகும். வாட் குறைவு, சூடு குறைவு எல்லாம் சரி. வயரில் இருப்பது அதே 230 வோல்ட்.

இரண்டாவது கேள்வி: எம்.சி.பி. ஏன் விழவில்லை?

'ஷாக் அடிச்சா டிரிப் ஆகிடும்ல' என்பது ஹாஸ்டலில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. எங்களுக்கும் இருந்தது. எண்களைப் போட்டுப் பார்த்ததும் அது கரைந்து போனது.

ஈரமான தோலோடு இருக்கும் மனித உடம்பின் ரெசிஸ்டன்ஸை ஏறக்குறைய 1000 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இது மோசமான நிலைமை. இப்போது உடம்பு என்ன சொல்கிறது பாருங்கள். 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே சுரீர் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதற்கு மேலே போகப் போக மூச்சு திணறும். பல பத்து மில்லி ஆம்பியர் கொஞ்ச நேரம் நீடித்தாலே இதயத்தின் தாளம் குலையக்கூடும்.

நாங்கள் லைன் எடுத்த போர்டில் இருந்தது 6 ஆம்பியர் எம்.சி.பி. அது 6 ஆம்பியருக்குக் கீழே எது போனாலும் கண்டுகொள்ளாது. கொஞ்சம் கூடினால் நிதானமாக, நிமிஷக் கணக்கில் யோசித்து விழும். பல மடங்கு கூடினால்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். ஒரு ஆளைக் கொல்லப் போதுமான 0.23 ஆம்பியர் அதன் கணக்கில் இரண்டு சீரியல் செட் கூடுதலாக எரிகிற மாதிரிதான். எம்.சி.பி. மேல் தப்பே இல்லை. அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வைத்த காவல்காரன். ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை கிடையாது.

ஆளைக் காப்பாற்றுகிறவர் வேற

அந்த வேலைக்கு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் இன்னும் இ.எல்.சி.பி. என்றுதான் சொல்வார்கள், கடையில் அப்படிக் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். முகப்பில் 'டி' எழுத்து போட்ட சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். அதுதான் அடையாளம்.

உள்ளே நடப்பது ரொம்ப எளிமையான வேலை. பேஸ், நியூட்ரல் இரண்டு வயரும் ஒரே காந்த வளையத்துக்குள் போகும். போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வந்தால், இரண்டின் காந்தப் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். போனது 1 ஆம்பியர், வந்தது 0.97 என்றால் மிச்சம் 30 மில்லி ஆம்பியர் வேறு எங்கேயோ, யார் வழியாகவோ தரைக்குப் போயிருக்கிறது. அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றியிருக்கும் இன்னொரு காயிலில் வோல்டேஜை உண்டாக்கி, டக்கென்று லைனைத் துண்டிக்கும். கிர்ச்சாஃப் விதியை ஒரு டப்பாவுக்குள் அடைத்து வைத்த மாதிரி.

ஆட்களின் பாதுகாப்புக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. கடையில் 100, 300 என்றும் இருக்கும். அவை இந்த வேலைக்கு இல்லை. இன்னொரு நல்ல விஷயம், சீரியல் செட்டின் இரண்டு பின் பிளக்கில் எர்த் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. ஹோல்டரின் இரண்டு தகட்டையும் ஒரே நேரத்தில் தொட்டால், மின்சாரம் பேஸில் போய் உங்கள் விரல் வழியாக நியூட்ரலில் திரும்பிவிடும். வித்தியாசமே வராது. ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு பல்பாகத்தான் தெரிவீர்கள். அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று தைரியமாகக் கை வைக்கக் கூடாது. பல்பு மாற்ற வேண்டுமா, பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். சுவிட்ச் ஆஃப் போதாது.

பனி எங்கே நுழைந்தது?

மழை என்றால் எல்லோரும் உஷாராக இருப்போம். பனி சத்தமில்லாமல் வரும். சாயங்காலம் காய்ந்து கிடந்த மரம், விடிகாலையில் தண்ணீர்ப் படலம் போர்த்தி நிற்கும். மின்சாரம் கசிய அந்தப் படலம் போதும்.

எங்கள் செட்களை இறக்கிப் பார்த்தபோது, மூன்று இடத்தில் வெறும் முறுக்கல் ஜாயிண்ட். இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோனதால் ஒரு இடத்தில் செலோ டேப் ஒட்டியிருந்தோம். அதை ஒட்டிய புண்ணியவான் நான்தான். அந்த ஜாயிண்ட் நேராகக் கிளைக் கவட்டையில், தண்ணீர் தேங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

வெளியில் கட்டும் லைட்டில் ஐ.பி. என்று ஒரு எண் போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 என்றால் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, அறைக்குள் மட்டும். ஐ.பி. 44 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஐ.பி. 65 தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். மரத்துக்குக் குறைந்தது 44 வேண்டும். இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. அட்டைப் பெட்டியில் 65 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பல்புச் சரத்துக்கு மட்டும் இருக்கும். கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 20 என்றிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஜாயிண்ட் எதுவும் மரத்தில் இருக்கவே கூடாது என்பதை இந்த வருஷம் சட்டமாக வைத்துக்கொண்டோம். பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் தரையில் கிடக்கக் கூடாது. பாக்ஸுக்குள் நுழையும் முன் வயர் ஊஞ்சல் மாதிரி ஒரு தொங்கல் தொங்கி, பிறகு மேலே ஏறி நுழைய வேண்டும். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பாக்ஸுக்குள் போகாது. காசே செலவில்லாத பாதுகாப்பு இது.

இந்த வருஷம் 24 வோல்ட்

மரத்துக்கு 230 வோல்ட்டைக் கொண்டு போகாமலே இருந்துவிட்டால்? 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி. சரம், அதற்கு ஒரு அடாப்டர். நல்ல அடாப்டரில் உள்ளே வரும் 230-க்கும் வெளியே போகும் வோல்ட்டுக்கும் கம்பித் தொடர்பே இருக்காது; காந்தப் புலம் வழியாகத்தான் சக்தி மாறும். அதனால் வெளியே வரும் வயர் ஒன்றைத் தொட்டுக்கொண்டு தரையில் நின்றாலும், தரை வழியாகத் திரும்பிப் போக மின்சாரத்துக்குப் பாதை கிடையாது. வாங்கும்போது அடாப்டரின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம்.

12-ஆ 24-ஆ என்பதற்கு ஒரு கணக்குப் போட்டோம். மேடைக்குப் பின்னால் உள்ள அறையிலிருந்து மரத்துக்கு 20 மீட்டர். மொத்த லைட் 60 வாட். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். போக வர 40 மீட்டர், ஆக 0.7 ஓம்.

12 வோல்ட் என்றால் 60 ÷ 12 = 5 ஆம்பியர். வயரில் இறங்குவது 5 × 0.7 = 3.5 வோல்ட். மரத்துக்குப் போய்ச் சேருவது எட்டரை வோல்ட்தான். லைட் அழுது வடியும்.

24 வோல்ட் என்றால் 2.5 ஆம்பியர். இறங்குவது 1.75 வோல்ட். மரத்தில் 22-க்கு மேல் கிடைக்கும்.

வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் இழப்பு 29 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக, நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. ஊருக்கு ஊர் மின்சாரம் கொண்டு போக ஏன் லட்சக்கணக்கான வோல்ட் கம்பி என்று வகுப்பில் படித்தோமே, அதே காரணம்தான் இங்கே ஒரு புங்க மரத்தடியிலும்.

12 வோல்ட்தான் கையில் இருக்கிறது என்று அடாப்டரை மரத்தடிக்கு நகர்த்துவது பலர் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் 230 வோல்ட் ஈரத் தரைக்கு வந்துவிடும். தள்ளி வைக்க நினைத்ததை நாமே வாசலுக்கு அழைத்து வந்த கதை. தடிமனான வயர் போடுங்கள், அல்லது 24-க்குப் போங்கள்.

எவ்வளவு நீளம் வாங்குவது என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 1.2 மீட்டர், 3 மீட்டர் உயரம் வரை சுற்ற வேண்டும், ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 30 சுற்று, 36 மீட்டர். இடைவெளியை 20 ஆக்கினால் 18 மீட்டர் போதும். இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பட்ஜெட்டில் நன்றாகவே தெரிந்தது.

மரம் கம்பம் இல்லை

போன வருஷம் நாங்கள் செய்த இன்னொரு தப்பு, ஆணி. வயர் நழுவாமல் இருக்க எட்டு ஆணி அடித்தோம். இரண்டு கிளையில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினோம். விழா முடிந்ததும் லைட்டை மட்டும் உருவிக்கொண்டு போய்விட்டோம். இந்த டிசம்பரில் ஏணி போட்டு ஏறினால், கட்டுக்கம்பி பட்டைக்குள் பதிந்து போயிருந்தது.

இலை தயாரிக்கும் உணவு வேருக்குப் போகும் பாதை பட்டைக்கு உள்பக்கம் ஒட்டினாற்போல இருக்கிறது. அதை ஒட்டி இருக்கும் மெல்லிய அடுக்குதான் மரத்தைப் பருமனாக வளர்க்கிறது. கிளை பருக்கும், கம்பி பருக்காது. வருஷக் கணக்கில் விட்டால் கம்பி அந்தப் பாதையை நெரித்துவிடும். ஆணி போட்ட ஓட்டை வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் நுழையும்.

இது வெறும் காலேஜ் பிரச்சினையும் இல்லை. மரங்களில் சுற்றும் அலங்கார விளக்குகளுக்கு எதிராக ஒரு பொதுநல வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. அதைத் தொடர்ந்து 2024-ல் மும்பை மாநகராட்சி நகரத்து மரங்களிலிருந்து விளக்குகளைக் கழற்றத் தொடங்கியது.

அதனால் இந்த வருஷம் ஆணி இல்லை, கம்பி இல்லை. சணல் கயிறு மட்டும். கட்டின கயிறுக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். காற்றில் கிளை ஆடும் என்பதால் கிளைக்குக் கிளை போகும் இடத்தில் வயரைத் தளர்வாக விட்டோம். விழா முடிந்த மறுநாளே கயிறோடு எல்லாவற்றையும் அவிழ்ப்பது என்று பேசி, அதற்குத் தனியாக நாலு பேர் பேரையும் எழுதி வைத்தோம். கட்டுவதற்கு இருபது பேர் வருவாங்க. அவிழ்க்க யாரும் வரமாட்டாங்க என்பது அனுபவம்.

எந்த மரம் என்பதையும் யோசித்தோம். மேடைக்கு எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. லைட் போட்டால் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில்தான் சாயங்காலம் மைனாக் கூட்டம் முழுவதும் வந்து அடையும். மாலையானால் இலையை மடக்கிக்கொள்ளும் மரம், பேரே தூங்குமூஞ்சி. அதைத் தூங்க விட்டுவிட்டோம். புங்க மரத்துக்கும் ராத்திரி 10 மணிக்கு லைட் ஆஃப். வெள்ளை, நீல வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வரும் என்பதால் மஞ்சள் எல்.இ.டி.

கட்டும் முன் ஒரு தடவை படிச்சிடுங்க

மரத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ இ.பி. லைன் போனால் அந்த மரம் வேண்டவே வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஏறுவதற்கு மரம் அல்லது மூங்கில் ஏணி. அலுமினிய ஏணி, இரும்புக் குழாய் கூடாது. கீழே ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டி முடிக்கும் வரை பிளக் செருகப்படாமல் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

மரத்தில் ஏற்றும் முன் சரத்தைத் தரையில் விரித்து, முழு நீளமும் கையால் தடவிப் பார்த்து, பிறகு ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். உரிந்த இடம், சூடாகும் இடம் இருந்தால் அந்தச் செட்டை ஒதுக்கி வையுங்கள். தடவும்போது பிளக் செருகியிருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லைன் எடுக்கும் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று காலேஜ் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிப் போய்ப் பாருங்கள். இல்லை என்றால் அவரையே போடச் சொல்லுங்கள். இதை நாமே செய்து பார்க்கும் வேலை இல்லை.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயின் ஆஃப். முடியாவிட்டால் காய்ந்த மரக் கட்டையால் தள்ளிவிடுங்கள். பிறகு 108.

இந்த வருஷம் விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், லைட்டைப் போடும் பொறுப்பை டீமே சேர்ந்து என் ரூம்மேட்டுக்குக் கொடுத்தது. சுவிட்சைப் போடுவான் என்று எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் முதலில் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கினான். டக் என்று விழுந்தது. மறுபடி தூக்கி விட்டான். திரும்பவும் அமுக்கினான். திரும்பவும் விழுந்தது. "டேய் போதும்டா, போடுடா" என்று கூட்டம் கத்தியது. "இருங்கடா, இது விழுறதைப் பார்க்கத்தான் எனக்கு நல்லா இருக்கு" என்றான்.

அப்புறம்தான் மரம் எரிந்தது.

அடுத்த வருஷம் டீமில் சேர விருப்பம் இருக்கிறவங்க மூணாம் வருஷ இ.இ.இ. கிளாஸ் பக்கம் வாங்க. எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் பரவாயில்ல. அவிழ்க்கவும் வருவேன்னு சொல்றவங்களுக்கு முன்னுரிமை.